டிரான்சிஷன் ஒரு இடத்தில் ஒட்டுகிறது, இன்னொரு இடத்தில் ஒட்ட மாட்டேன் என்கிறது: ஏன்?

கேள்வி இதுதான்: வீடியோ எடிட் செய்யும்போது கிளிப்களை வரிசையாக டைம்லைனில் அடுக்கி, நடுவில் டிரான்சிஷனை, அதாவது ஒரு கிளிப்பிலிருந்து அடுத்ததற்கு மாறும் எஃபெக்டை, இழுத்துப் போட்டால் சில இடங்களில் அழகாக வருகிறது, சில இடங்களில் படம் உறைந்து நிற்கிறது, இன்னும் சில இடங்களில் உட்காரவே மாட்டேன் என்கிறது. சாஃப்ட்வேரில் கோளாறா, கம்ப்யூட்டர் போதவில்லையா, அப்புறம் எந்த டிரான்சிஷனை எங்கே போடுவது?

இரண்டிலும் கோளாறு இல்லை. நிறைய பேர் டிரான்சிஷன் என்பது இரண்டு கிளிப்களுக்கு நடுவில் செருகும் தனிப் பொருள் என்று நினைத்துக்கொள்கிறார்கள், ஐகானும் அப்படித்தான் தெரிகிறது. உண்மையில் அதற்கென்று சொந்தமாகப் படம் எதுவும் கிடையாது. நீங்கள் டைம்லைனில் காட்டாமல் விட்ட ஃபிரேம்களை (வீடியோவின் தனித்தனிப் படங்களை) எடுத்துத்தான் அது தன்னைக் கட்டிக்கொள்கிறது. விட்டு வைத்தது இருந்தால் வேலை நடக்கும், இல்லையென்றால் திணறும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் டைம்லைன், ஒரு வினாடி கிராஸ் டிசால்வ் (ஒரு படம் மங்கி மறைய, அடுத்தது மெல்லத் தெரிய வரும் டிரான்சிஷன்), சரியாக வெட்டின் மேல், அதாவது இரண்டு கிளிப்களும் சந்திக்கும் இடத்தின் மேல், நடுவில் உட்காருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்கு 12 ஃபிரேம் முன்னாலேயே டிசால்வ் தொடங்கிவிடும், அந்த நேரத்தில் முதல் கிளிப் ஓடிக்கொண்டிருக்க, இரண்டாவது கிளிப் மங்கலாகத் தெரிய ஆரம்பிக்க வேண்டும். ஆனால் டைம்லைன்படி இரண்டாவது கிளிப் இன்னும் தொடங்கவே இல்லையே? அதனால் அதன் தொடக்கப் புள்ளிக்கு முன்னால் இருக்கும் 12 ஃபிரேம்களைச் சாஃப்ட்வேர் மூலக் கோப்பிலிருந்து தேடி எடுக்கிறது. வெட்டைத் தாண்டிய பிறகு இதே கதை தலைகீழாக நடக்கும்: முதல் கிளிப் முடிந்துவிட்டது, ஆனாலும் மங்கி மறைய அதற்கு இன்னும் 12 ஃபிரேம் வேண்டும். இப்படி இரு பக்கமும் மறைந்து கிடக்கும் உபரிப் பகுதிக்கு எடிட்டர்கள் வைத்திருக்கும் பெயர் ஹேண்டில். தையல்காரர் ஓரத்தில் பிடித்துத் தைக்கக் கொஞ்சம் துணி விட்டு வைப்பார் இல்லையா, அதேதான்.

பத்து வினாடி எடுத்த கிளிப்பை பத்து வினாடியும் அப்படியே டைம்லைனில் போட்டால் ஹேண்டில் பூஜ்யம். அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. இதை ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கும். பிரீமியர் புரோ, மீடியா போதவில்லை, ஃபிரேம்களைத் திரும்பத் திரும்பக் காட்டுவேன் என்று ஒரு எச்சரிக்கை கொடுத்துவிட்டு, கடைசி ஃபிரேமையே நீட்டி வைத்துவிடும், டிரான்சிஷன் மேல் சாய்வுக் கோடுகள் விழுந்திருந்தால் அதற்கு இதுதான் அர்த்தம். நீங்கள் பார்த்த உறைந்த படமும் இதுதான். டாவின்சி ரிசால்வ் கொஞ்சம் கண்ணியமாக, கிளிப்களை டிரிம் பண்ணட்டுமா (ஓரத்தைக் குறைக்கட்டுமா) அல்லது இந்த இடத்தை விட்டுவிடட்டுமா என்று கேட்கும். ஃபைனல் கட் புரோவும் கேட்கும், சரி என்றால் இரண்டு கிளிப்களையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடும், அதனால் மொத்த வீடியோவின் நீளம் குறையும். பின்னணி இசையோடு பார்த்துப் பார்த்துப் பொருத்தி வைத்திருந்தால் அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் நழுவிப் போகும். யோசிக்காமல் எண்டர் தட்டிவிடாதீர்கள்.

ஒரு விஷயம் பலரைக் குழப்பும். பயிற்சிக்கு நாலு போட்டோக்களை வைத்து டிரான்சிஷன் போட்டுப் பார்த்திருப்பார்கள், எல்லாம் ஜம்மென்று வந்திருக்கும். அப்புறம் வீடியோவுக்கு வந்ததும் தகராறு. போட்டோவுக்கு நீளம் என்று ஒன்று கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், ஆகவே அதற்கு எப்போதும் ஹேண்டில் உண்டு. டைட்டிலும் அப்படியே. வீடியோவுக்கு மட்டும்தான் இந்தப் பஞ்சம்.

தீர்வு எளிது: வெட்டின் இரு பக்கமும் அரை வினாடியாவது டிரிம் செய்து உள்ளே இழுங்கள், பிறகு டிரான்சிஷனைப் போடுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் உபரி இருந்தால் டிரான்சிஷனின் இருப்பிடத்தை மாற்றலாம். வெட்டின் நடுவில் என்பதற்குப் பதிலாக, வெட்டில் தொடங்கு அல்லது வெட்டில் முடி என்று வைக்க மூன்று பெரிய சாஃப்ட்வேர்களில் இரண்டில், அதாவது பிரீமியரிலும் ரிசால்விலும், நேரடி வசதி உண்டு. வெட்டில் முடி என்று வைத்தால் இரண்டாவது கிளிப்பின் முன்பக்க உபரி மட்டும் போதும், வெட்டில் தொடங்கு என்றால் முதல் கிளிப்பின் பின்பக்க உபரி மட்டும் போதும். இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை, ஆனால் அங்கே டிசால்வ் வந்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பின் வேகத்தை 90 சதவீதமாகக் குறைத்துப் பாருங்கள். பத்து வினாடி கிளிப் பதினொரு வினாடிக்கு மேல் நீளும், அந்தக் கூடுதலை உபரியாக வைத்துக்கொள்ளலாம். மலை, கடல், கட்டடம் என்றால் யாருக்கும் தெரியாது. ஆள் நடக்கிற ஷாட்டில் தெரியும், பேசுகிற ஷாட்டில் செய்யவே கூடாது.

உபரி இருந்தால் மட்டும் போதாது, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் பதிவை நிறுத்தக் கையை நீட்டுவார்கள், கேமரா லேசாகக் குலுங்கும், பேசி முடித்தவர் பார்வையைத் திருப்பிக்கொள்வார். நேர் வெட்டாக இருந்தவரை இதெல்லாம் வெளியே தெரியவில்லை. டிசால்வ் போட்ட மாத்திரத்தில் அந்தக் குலுக்கல் மங்கலாக உள்ளே வந்துவிடும், ஏதோ சரியில்லை என்று தோன்றும், ஆனால் என்னவென்று பிடிபடாது. ஏற்கெனவே எடிட் செய்து முடித்த ஒரே கோப்பிலிருந்து துண்டுகளை வெட்டி எடுத்தீர்கள் என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் உங்கள் துண்டுக்கு அடுத்த ஃபிரேமே வேறு ஷாட். டிசால்வின் நடுவில் சம்பந்தமில்லாத ஒரு படம் பளிச்சென்று மின்னிவிட்டுப் போகும். டிரான்சிஷன் போட்ட ஒவ்வொரு இடத்திலும் அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்ப்பது அலுப்பான வேலைதான், ஆனால் 24 ஃபிரேம்தானே.

சரி, போடும் முறை. பிரீமியரில் வெட்டின் மேல் பிளேஹெட்டை (டைம்லைனில் நகரும் கோட்டை) நிறுத்திவிட்டு கண்ட்ரோல் டி, ரிசால்வில் கண்ட்ரோல் டி அல்ல, கண்ட்ரோலுடன் ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்தான டீ. ஃபைனல் கட்டில் அதே டீயுடன் கமாண்ட். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால்தான் இந்தச் சுற்று: பிரீமியரில் டிசால்வின் முதல் ஆங்கில எழுத்து, மற்ற இரண்டிலும் டிரான்சிஷனின் முதல் ஆங்கில எழுத்து என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குறுக்குவழி எந்த டிரான்சிஷனைப் போடும் என்பதை நீங்களே மாற்றலாம், எஃபெக்ட்ஸ் பட்டியலில் பிடித்ததன் மேல் ரைட் கிளிக் செய்து இயல்பானதாக வைத்துவிட்டால் போதும். நீளத்தையும் செட்டிங்ஸில் மாற்றலாம், மாற்றுங்கள். கொடுத்திருக்கும் ஒரு வினாடி, பேச்சு வீடியோக்களுக்கு ரொம்ப நீளம்.

ஷாட்கட் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் முறையே வேறு. அங்கே ஒரே டிராக்கில் (டைம்லைனின் ஒரே வரிசையில்) இருக்கும் கிளிப்பை இழுத்துப் பக்கத்துக் கிளிப்பின் மேல் கொஞ்சம் ஏற்றினால், ஏறிய பகுதி தானாகவே டிரான்சிஷனாகிவிடும், எந்த வகை என்பதைப் பிறகு பிராப்பர்டீஸில் தேர்ந்தெடுக்கலாம். இந்த ஏற்றுகிற முறையில் மறைந்த உபரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற ஃபிரேம்களையே கலக்கிறீர்கள். அதற்கு விலை, வீடியோவின் நீளம். ஐந்து வினாடி கிளிப் இரண்டை ஒரு வினாடி ஏற்றினால் மொத்தம் ஒன்பதுதான். கட்டளை எழுதி வேலை செய்கிறவர்கள் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில் எக்ஸ்ஃபேட் என்ற ஃபில்டரைப் பயன்படுத்துவார்கள், அதிலும் இதே கணக்குத்தான். முதல் கிளிப் ஐந்து வினாடி, டிரான்சிஷன் ஒன்று என்றால் ஆஃப்செட், அதாவது டிரான்சிஷன் தொடங்கும் நேரம், நான்கு என்று கொடுக்க வேண்டும், ஐந்து என்று கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிகிறவர்கள் நிறைய.

மொபைல் ஆப்களில், உதாரணமாக கேப்கட்டில், இரண்டு கிளிப்களுக்கு நடுவில் இருக்கும் சின்னக் கட்டத்தைத் தட்டினால் பட்டியல் விரியும். உங்கள் ஆப் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று தெரிந்துகொள்ள, போடுவதற்கு முன்னும் பின்னும் மொத்த நேரத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஏற்றுகிறது, குறையவில்லை என்றால் உபரியை எடுக்கிறது. எல்லாவற்றுக்கும் போடு என்ற பொத்தானைத் தயவுசெய்து தொடாதீர்கள், காரணம் கீழே.

இனி எந்த டிரான்சிஷன் என்ற கேள்வி. என் கருத்து இது: பத்தில் ஒன்பது இடங்களில் வெறும் வெட்டே போதும். வெட்டைப் பார்வையாளர் கவனிப்பதில்லை, அசைவு தொடர்ந்தால், பார்க்கும் திசை பொருந்தினால், கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஒருவர் கதவைத் திறக்கிறார், அடுத்த ஷாட்டில் உள்ளே வருகிறார் என்றால் நடுவில் டிசால்வ் போட்டு நேரம் கடந்துவிட்டது என்று பொய் சொல்லக் கூடாது. டிசால்வுக்குப் பார்வையாளர் மனதில் ஒரு அர்த்தம் படிந்து போயிருக்கிறது: நேரம் நகர்ந்தது, இடம் மாறியது, நினைவுக்குள் போகிறோம். கறுப்புக்குப் போய் மீள்வது அதைவிட அழுத்தமானது, ஒரு அத்தியாயம் முடிந்தது என்று சொல்கிறது. இதை மூன்று நிமிட வீடியோவில் எட்டு தடவை போட்டால் எட்டு முறை முடிந்து எட்டு முறை தொடங்குகிற மாதிரி இருக்கும். எல்லா வெட்டுக்கும் ஒரே டிரான்சிஷனைப் போட்டால் எதற்குமே அர்த்தம் இல்லாமல் போய்விடும், அதனால்தான் அந்தப் பொத்தான் வேண்டாம் என்றேன்.

ஃபிலிம் காலத்தில் ஒரு டிசால்வ் போட லேபுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், 16, 24, 32, 48, 64, 96 ஃபிரேம் என்று சில நிர்ணயித்த நீளங்களில்தான் செய்து கொடுப்பார்கள். செலவும் காத்திருப்பும் இருந்ததால் இங்கே தேவையா என்று யோசித்துத்தான் கேட்டார்கள். இன்று ஒரு விசை தட்டினால் வந்துவிடுகிறது, யோசிக்கிற வேலையை நாமாகத்தான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த நீளங்களையே நான் இன்றும் வழிகாட்டியாக வைத்திருக்கிறேன்: வெட்டின் முனையைக் கொஞ்சம் மழுக்க 8 முதல் 12, சாதாரண இடமாற்றத்துக்கு 16 முதல் 24, மெதுவான இசையோடு போகும் காட்சிக்கு 48. அதற்கு மேல் போனால் டிசால்வே ஒரு காட்சியாகிவிடும், நடுவில் இரண்டு படமும் சேர்ந்து நிற்கும் அந்த ஃபிரேம் பார்க்க நன்றாக இருக்கிறதா என்று நிறுத்திப் பாருங்கள். ஒருவர் முகத்தின் மேல் இன்னொரு ஷாட்டின் மின்கம்பம் வந்து நிற்கலாம், நாலு ஃபிரேம் நகர்த்தினால் சரியாகும்.

இசையோடு பொருத்துகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 120 தாள அடி உள்ள இசையில் அரை வினாடிக்கு ஒரு அடி, 24 ஃபிரேமில் அது 12. டிசால்வில் படம் மாறியதாகக் கண்ணுக்குப் படுவது ஏறக்குறைய நடுப்புள்ளியில், ஆகவே தொடக்கத்தை அல்ல, நடுவை அடியின் மேல் வையுங்கள்.

பிரீமியரில் கிராஸ் டிசால்வ் பக்கத்திலேயே ஃபிலிம் டிசால்வ் என்று ஒன்று இருப்பதைப் பலர் தொடுவதில்லை. இது ஒளியின் அளவைக் கொண்டு நேர்கோட்டுக் கணக்கில் கலப்பதால் பிரகாசமான பகுதிகள் கொஞ்சம் கூடுதலாகத் தங்கி மறையும். இரவு விளக்குகள், ஜன்னல் வெளிச்சம் இருக்கும் ஷாட்டுகளில் இரண்டையும் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஒருவர் உட்கார்ந்து பேசுகிற வீடியோவில் நடுவில் தடுமாறியதை வெட்டினால் தலை குதிக்கும். அதை மறைக்க பிரீமியரில் மார்ஃப் கட், ரிசால்வில் ஸ்மூத் கட், ஃபைனல் கட்டில் ஃப்ளோ என்று தனியாக வைத்திருக்கிறார்கள், இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே இல்லாத ஃபிரேம்களைக் கணக்கிட்டு உருவாக்குகிறது. கேமரா அசையக் கூடாது, பின்னணி மாறக் கூடாது, தலை ஏறக்குறைய அதே இடத்தில் இருக்க வேண்டும், கை முகத்துக்குக் குறுக்கே வரவே கூடாது. இத்தனையும் அமைந்து, சில ஃபிரேம் நீளத்துக்கு மட்டும் வைத்தால் அற்புதமாக இருக்கும். இல்லையென்றால் வாய் ரப்பர் மாதிரி இழுபடும், அதற்கு அந்தக் குதிப்பே தேவலாம். வேறு ஷாட் ஏதாவது இருந்தால் அதை மேலே வைத்து வெட்டை மறைப்பதுதான் இன்றைக்கும் நம்பகமான வழி.

வேகமாகச் சுழற்றும் விப் பேன், ஜூம் வகைகள் பலவும் ரெடிமேட் பேக்குகளாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல, வெட்டின் மேல் டிராக்கில் ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயரை (கீழே உள்ள கிளிப்களுக்கு எஃபெக்ட் மட்டும் கொடுக்கும் வெற்று அடுக்கை) வைத்து அதில் நகர்வும் மங்கலும் கொடுத்தவைதான், ஆகவே ஹேண்டில் பிரச்சினை அவற்றுக்கு இல்லை. படம் நகரும்போது ஓரத்தில் கறுப்பு தெரியாமல் இருக்கக் கண்ணாடிப் பிம்பமாகப் படத்தைச் சுற்றிலும் அடுக்கியிருப்பார்கள். இது எடுபட வேண்டுமானால் முதல் ஷாட்டில் கேமரா எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அதே பக்கம் டிரான்சிஷனும் சுழல வேண்டும். இடமிருந்து வலம் நடக்கிறவரை வலமிருந்து இடம் தள்ளினால் என்ன போட்டும் ஒட்டாது.

ஒலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் பாதிப் பிரச்சினை அங்கேதான். படத்துக்கு ஒரு வினாடி டிசால்வ் போடும்போது சில சாஃப்ட்வேர்கள் ஒலிக்கும் சேர்த்தே போட்டுவிடும், அப்போது ஒலியின் உபரியும் வெளியே வரும். பேசியவர் அடுத்துச் சொல்ல ஆரம்பித்த வார்த்தையின் முதல் அசை, வெட்டி எறிந்ததாக நினைத்த "ம்..." எல்லாம் மெல்லிசாகக் கேட்கும். பேச்சுக்கு இரண்டு மூன்று ஃபிரேம் கிராஸ்ஃபேட் (ஒரு ஒலி குறைய அடுத்தது கூடுவது) போதும், வெட்டில் வரும் டிக் சத்தம் போய்விடும். ரிசால்வில் ஷிஃப்டுடன் அதே டீ அடித்தால் ஒலிக்கு மட்டும், ஆல்டுடன் அடித்தால் படத்துக்கு மட்டும் விழும், இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

கிராஸ்ஃபேடில் கான்ஸ்டன்ட் பவர், கான்ஸ்டன்ட் கெயின் என்று இரண்டைப் பார்த்திருப்பீர்கள். கெயின் வகையில் நடுப்புள்ளியில் இரண்டு ஒலியும் பாதியாக இருக்கும். பாதியும் பாதியும் ஒன்றுதானே என்றால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஒலிகள் அப்படிக் கூடுவதில்லை, நடுவில் சுமார் 3 டெசிபெல் பள்ளம் விழும். பவர் வகையில் ஒவ்வொன்றையும் நடுவில் 71 சதவீத அளவில் நிறுத்துவதால் அந்தப் பள்ளம் நிரம்பிவிடும். ஆகவே வெவ்வேறு ஒலிகளுக்குப் பவர். ஒரே இசையின் ஒரே இடம் இரு பக்கமும் அச்சாகப் பொருந்தி ஓடினால் மட்டும் கெயின், அங்கே பவர் போட்டால் நடுவில் சத்தம் புடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, பல இடங்களில் டிரான்சிஷன் வேண்டும் என்று தோன்றுவதற்குக் காரணம் படமும் ஒலியும் ஒரே ஃபிரேமில் வெட்டப்பட்டிருப்பதுதான். அடுத்த ஷாட்டின் ஒலியைப் படத்துக்கு அரை வினாடி முன்னாலேயே உள்ளே விட்டுப் பாருங்கள், அல்லது முதல் ஷாட்டின் ஒலியை அடுத்த படத்தின் மேல் கொஞ்சம் ஓடவிடுங்கள். ஜே கட், எல் கட் என்று சொல்வது இதைத்தான். டிசால்வ் போட்டே ஆக வேண்டும் என்று நினைத்த பாதி இடங்கள் இதிலேயே சரியாகிவிடும்.

டிரான்சிஷன் போட்ட இடத்தில் பிளேபேக் திக்கினால் பயப்பட வேண்டாம், இரண்டு வீடியோக்களை ஒரே நேரத்தில் பிரித்துக் கலக்க வேண்டியிருப்பதால் வரும் திணறல் அது. பிரீமியரில் டைம்லைனுக்கு மேலே சிவப்புக் கோடு இருந்தால் அந்தப் பகுதியை ரெண்டர் செய்துவிட்டு (முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துவிட்டு) பாருங்கள். எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் டிசால்வ் நேரத்தில் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது வேறு விஷயம்: டிசால்வில் ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாப் புள்ளியும் மாறுவதால், முந்தைய ஃபிரேமிலிருந்து ஊகித்துச் சுருக்கும் கோடெக்குக்கு அது கடினமான பகுதி. பிட்ரேட்டை (ஒரு வினாடிக்கு ஒதுக்கும் தரவின் அளவை) கூட்டுங்கள், அல்லது நிலையான பிட்ரேட்டிலிருந்து தேவைக்கேற்ப மாறும் பிட்ரேட்டுக்குப் போங்கள்.

வெட்டுகள் எல்லாம் முடிவான பிறகு டிரான்சிஷனைப் போடுவது நல்லது. முதலிலேயே போட்டுவிட்டு அப்புறம் கிளிப்பை நீட்டினால் நீட்டிய அளவுக்கு உபரி கரையும், டிரான்சிஷன் தானாகச் சுருங்கிப் போயிருக்கும் அல்லது காணாமலே போயிருக்கும், எக்ஸ்போர்ட் ஆன பிறகுதான் கண்ணில் படும். அடுத்த முறை படம் பிடிக்கும்போது பேச ஆரம்பிப்பதற்கு இரண்டு வினாடி முன்னால் பதிவைத் தொடங்கி, முடித்த பிறகு இரண்டு வினாடி அசையாமல் இருந்துவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.